பிள்ளையாருக்குப் போட்ட நாமம்

எங்கள் அபார்ட்மென்டில் பண்டிகை வருகிறது என்றால் அது முதலில் தெரிவது வாட்ஸ்அப் குரூப்பில்தான். செக்ரட்டரியின் மனைவியை எல்லாரும் மாமி என்று கூப்பிடுவார்கள். அந்த மாமி கூப்பிய கை எமோஜிகளாக வரிசையாகப் போட்டு, கடைசியில் "நம் பாரம்பரியத்தை நம் குழந்தைகளிடம் சேர்ப்போம்" என்று ஒரு வரி எழுதுவார். அதற்குப் பின்னாலேயே ஏதாவது ஒரு டப்பா வீடு தேடி வரும்.

கிருஷ்ண ஜெயந்திக்கு வந்தது பாத ஸ்டிக்கர். வாசலிலிருந்து பூஜை அலமாரி வரை ஒட்டிக்கொள்ள வேண்டியது. ஸ்ரீரங்கத்தில், கோயில் மதிலிலிருந்து கூப்பிடு தூரத்தில், ஒரு கட்டடம் முழுக்க ஒரே அச்சில் வார்த்த கண்ணன் பாதங்கள். எங்கள் தளத்தில் ஒட்டிய புண்ணியவான் இடது பாதமாகவே பார்த்து ஒட்டிவிட்டதால், லிஃப்டிலிருந்து எதிர்வீடு வரை கண்ணன் நொண்டியடித்துக்கொண்டே போனான். எல்லார் வீட்டிலும் அரிசி மாவு இருக்கிறது. முஷ்டியை மாவுக்கரைசலில் தோய்த்து ஒரு அழுத்து அழுத்தி, மேலே விரல் நுனியால் ஐந்து புள்ளி வைத்தால் பாதம் வந்துவிடும். அதுவும் வேண்டாம் என்றால், நிஜக் குழந்தைகளே நிஜக் கால்களோடு அந்த வராந்தாவில் ஓடிக்கொண்டிருந்தன. அவர்களைத்தான் "மிதிக்காதே, ஸ்டிக்கர் பேந்துடும்" என்று விரட்டிக்கொண்டிருந்தார்கள்.

நான் பாரம்பரியத்துக்கு எதிரி இல்லை. எனக்கு அப்படி ஒன்று கிடையாது, அவ்வளவுதான். நான் வளர்ந்தது திருவெறும்பூர்ப் பக்கம், தொழிற்சாலை குவார்ட்டர்ஸில். சதுர்த்தி அன்று அப்பா ஷிஃப்ட் முடிந்து வரும்போது ஒரு பிள்ளையாரை வாங்கி சைக்கிள் கேரியரில் கட்டிக்கொண்டு வருவார். அம்மா கொழுக்கட்டை செய்வார். நாங்கள் தின்போம். எங்கள் வீட்டில் யாரும் எதையும் பிடித்ததும் இல்லை, வெட்டியதும் இல்லை, ஒட்டியதும் இல்லை. அதனால் எங்களுக்கு ஒரு குறையும் வந்துவிடவில்லை. கல்யாணமாகி ஸ்ரீரங்கத்துக்கு வந்த பிறகுதான், இதையெல்லாம் செய்யாவிட்டால் வேர் அறுந்துபோகும் என்று எனக்குச் சொல்லப்பட்டது.

அந்த ஸ்டிக்கர் கூத்தைக்கூடச் சிரித்துவிட்டு விட்டிருப்பேன். ஆனால் அதற்கு முன்பே என் மகளின் வாயில் ஒரு வார்த்தை புகுந்திருந்தது.

அவளுக்கு ஐந்து வயது, யூகேஜி. போன தீபாவளிக்கு ஸ்கூலில் காகிதத்தில் அகல்விளக்கு செய்யச் சொல்லியிருக்கிறார்கள். அவள் வீட்டுக்குக் கொண்டுவந்த விளக்கைப் பார்த்தேன். ஓரம் அளவெடுத்து வெட்டியது போல நேராக இருந்தது. ஜிகினா ஒரு துளி சிந்தவில்லை.

"நீயா பண்ணினே?"

"மிஸ் பண்ணினாங்க. நான் பண்ணினது கோணலா இருந்துச்சு. அதைக் குப்பையில போட்டுட்டாங்க. எனக்கு வராதும்மா."

அழவில்லை. வருத்தம்கூடத் தெரியவில்லை. யாராவது பேர் கேட்டால் பேரைச் சொல்வது போலச் சொன்னாள். அன்றிலிருந்து எல்லாவற்றுக்கும் அதே பதில். கோலத்துக்குப் புள்ளி வைக்கக் கூப்பிட்டால் வராது. சப்பாத்தி மாவை உருட்டக் கொடுத்தால் வராது. கலர் பென்சிலை என் கையில் திணித்து, "நீயே அடிச்சிடும்மா, எனக்கு வராது" என்பாள். ஐந்து வயதுக் குழந்தைக்கு மீசையைத் தவிர வராதது என்ன இருக்கிறது? ஸ்கூலுக்குப் போய்க் கேட்டேன். "பேரன்ட்ஸ் பார்க்க டிஸ்ப்ளே வைக்கணும் மேடம், நீட்டா இருக்க வேண்டாமா?" என்றார் அந்த மிஸ். அந்தப் பேரன்ட்ஸில் நானும் ஒருத்தி என்பது அவருக்குத் தோன்றவே இல்லை. அவர்மேல் எனக்கு இன்றும் ஆத்திரம் தீரவில்லை.

ஆகவே, பிள்ளையார் சதுர்த்திக்குப் போட்டி என்று மாமியின் அறிவிப்பு வந்தபோது நான் ஒரு முடிவோடு இருந்தேன். இவள் ஒரு பிள்ளையார் செய்ய வேண்டும். அதில் வேறு யார் கையும் படக் கூடாது, என் கை உட்பட. அது எந்த லட்சணத்தில் வந்தாலும் அப்படியே பூஜையில் உட்கார வேண்டும். அது நடந்துவிட்டால் அந்த 'வராது' ஒழியும். நடக்காவிட்டால், இருபது வயதிலும் இவள் யாரிடமாவது பென்சிலைக் கொடுத்துவிட்டு நிற்பாள் என்று பயந்தேன்.

அறிவிப்பு இப்படி இருந்தது: குழந்தைகள் தங்கள் கைப்பட வீட்டிலேயே மண் பிள்ளையார் செய்ய வேண்டும். பெற்றோர் வழிகாட்டலாம். சதுர்த்திக்கு முதல் நாள் சாயங்காலம் கீழ்த்தள ஹாலுக்குக் கொண்டுவர வேண்டும். சிறந்த பிள்ளையார் மறுநாள் பூஜையில் நடுவில் எழுந்தருளுவார். மற்றவர்கள் அவரைச் சுற்றி அமர்வார்கள். அந்த 'வழிகாட்டலாம்' என்ற வார்த்தையைப் படித்தபோதே எனக்கு விளங்கிவிட்டது, எத்தனை அப்பாக்கள் சட்டைக் கையை மடித்துக்கொண்டு இறங்கப் போகிறார்கள் என்று.

சொல்லிவைத்தாற்போல டப்பாவும் வந்தது. உள்ளே ஒரு பிளாஸ்டிக் அச்சு, தங்க நிற ஸ்டிக்கர்கள், அசைத்தால் உருளுகிற கண்கள், கூடவே 'இயற்கைக் களிமண்' என்று ஒரு பொட்டலம். பிரித்தால் பபிள்கம் வாசனை. எங்களுக்கு வாய்த்தது ரோஸ் நிறம். அது எந்த ஆற்றங்கரையில் வெட்டிய மண் என்று எழுதவில்லை. இங்கிலீஷில் ஒரு தாள், உங்கள் வேர்களோடு மறுபடி இணையுங்கள் என்றது. என்னுடைய வேர் குவார்ட்டர்ஸ் தண்ணீர் டேங்குக்குப் பக்கத்தில் இருக்கிறது. ரோஸ் கலர் மாவை வைத்துக்கொண்டு அதோடு எப்படி இணைவது என்று தாளில் விளக்கம் இல்லை.

டப்பாவைப் பரண்மேல் போட்டுவிட்டு ராஜகோபுரத்துப் பக்கம் போனேன். அங்கே வரிசையாக அச்சில் பிள்ளையார் அடித்து விற்றுக்கொண்டிருந்தார்கள். ஒரு ஆளிடம் வெறும் களிமண் மட்டும் வேண்டும் என்றேன்.

"மண்ணை மட்டும் வாங்கிட்டுப் போயி என்னங்க பண்ணப் போறீங்க?"

"பிள்ளையார் பண்ணத்தான்."

"அதான் நான் பண்ணி வச்சிருக்கேன்ல?"

அவர் என்னைப் பார்த்த பார்வையில் பரிதாபம் இருந்தது. முழுப் பிள்ளையாருக்கு என்ன விலையோ அதையே வாங்கிக்கொண்டு ஒரு உருண்டையைக் கவரில் போட்டுக் கொடுத்தார். வீட்டில் பிரித்தால் பாதி சரளைக் கல். பொறுக்கி எடுத்து, ஈரத்துணி சுற்றி, பழைய எவர்சில்வர் டப்பாவில் வைத்தேன்.

மறுநாள் காலை அடுக்களைத் தரையில் நியூஸ்பேப்பரை விரித்து, மண்ணை வைத்து, மகளைக் கூப்பிட்டேன். எதிர்பார்த்ததுதான் வந்தது.

"எனக்கு வராதும்மா. நீயே பண்ணு."

"எனக்கும்தான் வராது. நான் என் ஜென்மத்துல பிள்ளையார் பிடிச்சதில்லை. நீ சும்மா ஒரு உருண்டை பிடி."

"அப்புறம்?"

"அப்புறம் இன்னொரு உருண்டை. எனக்கு வேலை இருக்கு, என்னைக் கேட்காதே."

சொல்லிவிட்டு அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்து தேங்காய் துருவினேன். திரும்பினால் என் கை சும்மா இருக்காது என்று எனக்குத் தெரியும். பின்னால் சப் சப் என்று சத்தம். தும்பிக்கை விழுந்துவிட்டது என்று முனகல். மறுபடி விழுந்துவிட்டது. நான் துருவிக்கொண்டே இருந்தேன். வீட்டில் யாருக்கும் தேவையில்லாத அளவுக்குத் தேங்காய் சேர்ந்துவிட்டது. கொஞ்ச நேரத்தில் முனகல் நின்று, ஒரு பாட்டு ஆரம்பித்தது. அவளாகக் கட்டிய பாட்டு. அதில் பிள்ளையாரும் ஸ்கூல் வேனும் வந்தார்கள்.

"அம்மா, மிளகு கொடு."

கண்ணுக்காம். குண்டுமணி வாங்கிவரவில்லை, அது விஷம், இவள் வாயில் போட்டுக்கொள்வாள் என்று பயம். மிளகைக் கொடுக்கும் சாக்கில் திரும்பிப் பார்த்தேன். பெரிய உருண்டைமேல் சின்ன உருண்டை. அப்பளம் போல இரண்டு காது. தும்பிக்கை நிற்காமல் விழுந்துகொண்டே இருந்ததால், அதை நேரே கீழே இறக்கி, முன்னால் மண்ணில் செய்து வைத்திருந்த கொழுக்கட்டைத் தட்டிலேயே நட்டுவிட்டாள். கை இல்லை.

"கை எங்கே?"

"யானைக்கு ஏதும்மா கை? தும்பிக்கையாலதான் சாப்பிடும்."

தினசரி காலண்டரில் போன வாரத் தாளைக் கிழித்து, மடித்து, ஈர்க்குச்சியில் குத்திக் குடையும் செய்தாள். ராகு காலமும் எமகண்டமும் குடையில் தெளிவாகத் தெரிந்தன. கடைசியாகக் கோலமாவும் குங்குமமும் கேட்டாள். மாவைக் குழைத்து, நாக்கைக் கடித்துக்கொண்டு, பிள்ளையார் நெற்றியில் வெள்ளையாக இரண்டு கோடு இறக்கி, நடுவில் சிவப்பாக ஒன்று இழுத்தாள். நல்ல பெரிய நாமம்.

"பாப்பா, பிள்ளையாருக்கு விபூதில்ல பூசுவாங்க?"

"யானைக்கு நாமம்தாம்மா," என்றாள், இதுகூடத் தெரியாதா என்கிற குரலில்.

அவளைச் சொல்லி என்ன? பிறந்ததிலிருந்து அவள் பார்த்த ஒரே யானை ரங்கநாதர் கோயில் யானை. அது முகம் நிறைய நாமத்தோடுதான் தெருவில் போகும். நாமம் இல்லாத யானை அவளைப் பொறுத்தவரை குளிக்காத யானை. ஸ்ரீரங்கத்துக் குழந்தைக்கு மட்டுமே வரக்கூடிய தப்பு அது. எனக்கு அது தப்பாகவும் படவில்லை. அவள் எழுந்து, இரண்டடி பின்னால் போய் நின்று பார்த்தாள்.

"வந்துடுச்சும்மா," என்றாள்.

நான் சந்தோஷத்தைக் காட்டிக்கொள்ளாமல் தேங்காய்த் துருவலை எடுத்து ஃபிரிட்ஜில் வைத்தேன்.

இன்ஷூரன்ஸ் ஆபீஸிலிருந்து மத்தியானம் சாப்பிட வந்த என் வீட்டுக்காரர் பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். "ஊர்ல மனுஷனுக்குத்தான் நாமம் போடுவாங்க. உன் பொண்ணு பிள்ளையாருக்கே போட்டுட்டாளே!"

"ஏன்ப்பா சிரிக்கிற?"

"நாமம் போடறதுன்னா ஏமாத்தறதுன்னு அர்த்தம்டா குட்டி."

அவள் முகம் சுருங்கியது. "நான் ஏமாத்தலையே. நானேதானே பண்ணினேன்?"

அவர் சிரிப்பை நிறுத்திவிட்டு, பிள்ளையாரைப் பார்த்து ஒழுங்காகக் கும்பிட்டார். அந்த அளவுக்கு அவருக்குப் புத்தி உண்டு.

சாயங்காலம் தாம்பாளத்தில் வைத்து ஹாலுக்கு எடுத்துப்போனோம். ஒரு நீள மேஜை, மேலே ஜரிகைத் துணி, பின்னால் 'நம் குழந்தைகள் கைவண்ணத்தில் மண் பிள்ளையார்' என்று ஃப்ளெக்ஸ். மேஜையில் ரோஸ் பிள்ளையார், பச்சைப் பிள்ளையார், நீலப் பிள்ளையார் எல்லாரும் ஒரே அச்சில் பிறந்த அண்ணன் தம்பிகளாக உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் ஒரு தங்க நிறப் பிள்ளையார். விரல் நகம் வரை செதுக்கி, மூஞ்சூறின் மீசை வரை கீறி, அப்படி ஒரு வேலைப்பாடு. இரண்டாம் மாடிக்காரர் பையன் செய்ததாம். "ஃபுல்லா அவனேதான் பண்ணினான், நாங்க பக்கத்துலகூடப் போகலை" என்று அப்பா வந்தவர் போனவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். பையன் ஒரு விரலால் அந்தப் பிள்ளையாரின் வயிற்றைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தான், முதல்முறை பார்க்கிறவன் மாதிரி. அந்த ஹாலில் இருந்த பெரியவர்கள் அத்தனை பேரும் ஒருவருக்கொருவர் நாமம் போட்டுக்கொண்டிருந்தார்கள். என் மகள் ஒருத்திதான் பிள்ளையாருக்குப் போட்டிருந்தாள்.

தீர்ப்புச் சொல்ல இரண்டு பேர். ஒருவர் மாமி. நெற்றியில் விபூதிக் கீற்று, பட்டுப்புடவை, கையில் போன். இன்னொருவர் முதல் மாடியில் இருக்கும் ரிட்டயர்டு பேங்க் மேனேஜர், தினம் கோயிலுக்குப் போகிறவர், நெற்றியில் அவருக்கு நாமம். வரிசையாகப் பார்த்துக்கொண்டே வந்து எங்கள் பிள்ளையார்முன் நின்றார்கள்.

"இதென்ன, கையே இல்லை?" என்றார் மாமி. பிறகு குனிந்து, "ஐயையோ! பிள்ளையாருக்கு நாமமா?" என்றார்.

"ஏன், இருந்தா என்ன? எங்காத்துல அவரைத் தும்பிக்கை ஆழ்வார்னுதான் சொல்லுவோம்," என்றார் மேனேஜர். எனக்கு ஒரு நிமிஷம் அந்த மனிதர்மேல் மதிப்பே வந்துவிட்டது. அது வந்த வழியே போயிற்று. அவர் கண்ணாடியை மேலே தள்ளிவிட்டுக்கொண்டு இன்னும் கிட்டத்தில் பார்த்து, "ஆனா பாதம் இல்லையே. இது வடகலைன்னா? இந்த ஊர்ல எப்படி வைக்கறது?" என்றார்.

நாமத்தின் அடியில் மூக்குவரை இறங்கும் சின்னப் பாதம் இருந்தால் தென்கலை, இல்லாவிட்டால் வடகலை. ஸ்ரீரங்கம் கோயில் தென்கலை, அதன் யானைக்கும் பாதம் உண்டு. என் மகள் போட்டதில் அந்த இடத்தில் அவளுடைய கட்டைவிரல் பட்டு ஒரு தீற்றல் இருந்தது. அது பாதம்தான் என்றார் பின்னாலிருந்து ஒருவர். அது அழுக்கு என்றார் இன்னொருவர். விபூதிதான் முறை என்று மாமி கட்சிக்கு நாலு பேர் சேர்ந்தார்கள். படித்தவர்கள், பென்ஷன் வாங்குகிறவர்கள், ஐந்து வயதுக் குழந்தையின் கட்டைவிரல் தீற்றலை டார்ச் அடித்துப் பார்த்துச் சண்டை போட்டார்கள். அந்தக் கட்டைவிரலின் சொந்தக்காரி மேஜை உயரம்கூட இல்லாமல் நடுவில் நின்றுகொண்டிருந்தாள். யானைக்கு நாமம்தான் என்று இரண்டு தடவை சொன்னாள். யார் காதிலும் விழவில்லை.

"எதுக்கு வம்பு? நானே சரி பண்ணிடறேன்," என்று மாமி மேஜை துடைக்கும் ஈரத்துணியை எடுத்தார். நான் கையை நீட்டுவதற்குள் பிள்ளையார் நெற்றியில் வைத்து ஒரு இழுப்பு இழுத்துவிட்டார். நாமம் சிவப்பும் வெள்ளையுமாகக் கன்னம் வரை இழுபட்டது. ஒரு மிளகுக் கண் உதிர்ந்து தரையில் உருண்டது. "இப்போ மூணு கோடு போட்டா நன்னா ஆயிடும். எங்கே விபூதி?" என்று திரும்பினார்.

"மாமி, விடுங்க," என்றேன். குரல் நான் நினைத்ததைவிடப் பலமாக வந்தது. "குழந்தைங்க கைப்படப் பண்ணணும்னு எழுதினது நீங்கதானே? இப்ப இதுல உங்க கை பட்டுடுச்சு. போட்டிக்கு ஆகாது. நான் எடுத்துட்டுப் போறேன்."

"அடடா, நான் என்ன பண்ணிட்டேன்? நன்னாத்தானே ஆக்கினேன்!" என்றார் அவர், நிஜமான ஆச்சரியத்தோடு. செய்தது இன்னதென்றே தெரியாத அந்த ஆச்சரியம்தான் எனக்கு ஆகவே ஆகாது.

லிஃப்டில் மகள் தாம்பாளத்தையே பார்த்துக்கொண்டு வந்தாள். எங்கள் தளம் வருவதற்குள் சொல்லிவிட்டாள்.

"எனக்கு வராதும்மா."

பேசியிருந்தால் அழுதிருப்பேன், இல்லையென்றால் கீழே போய் மேஜையைக் கவிழ்த்திருப்பேன். பிள்ளையாரைப் பூஜை அலமாரியில் வைத்தேன். நாமத்தை மறுபடி போடு என்று கோலமாவை எடுத்துக் கொடுத்தேன். வேண்டாம் என்று போய்ப் படுத்துவிட்டாள்.

மறுநாள் சதுர்த்தி. மழுங்கின நெற்றியும் ஒற்றைக் கண்ணுமாக எங்கள் பிள்ளையார் அலமாரியில் இருந்தார். நான் கொழுக்கட்டைக்கு மாவு கிளறிக்கொண்டிருந்தேன். வீட்டிலிருந்து ஒருவராவது தலையைக் காட்டாவிட்டால் பேச்சு வரும் என்று என் வீட்டுக்காரர் கீழே பூஜைக்குப் போனார். போன வேகத்தில் திரும்பி வந்தார். சிரிப்பை அடக்க முடியாமல் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

விஷயம் இதுதான். பூஜை செய்ய வந்த சாஸ்திரிகள் முதல் பரிசு வாங்கின தங்கப் பிள்ளையாரை மணையில் வைக்க எடுத்திருக்கிறார். எடுத்ததும் கையில் கனம் வேறு மாதிரி இருக்க, விரலால் சுண்டியிருக்கிறார். டக் டக் என்று சத்தம். "என்ன இது, சுண்ணாம்பு பொம்மையான்னா இருக்கு?" என்று திருப்பிப் பார்த்தால், அடியில் பாதி கிழிந்த கடை ஸ்டிக்கர். இரண்டாம் மாடிக்காரர் போன் வந்ததாக வெளியே போய்விட்டாராம். சரி, மற்றதில் ஒன்றை வைப்போம் என்று ரோஸ் பிள்ளையாரை எடுத்து அமுக்கினால் ரப்பர் மாதிரி உள்ளே போய் வெளியே வந்திருக்கிறது. "சதுர்த்திக்கு மண்ணுதான் முறை. மண்ணுல பண்ணினது ஒண்ணு கொண்டு வந்து வைங்கோ. நான் பக்கத்துத் தெருவில ஒரு ஆத்துல முடிச்சுட்டு வந்துடறேன்," என்று சாஸ்திரிகள் பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

நாங்கள் சிரித்து முடிப்பதற்குள் காலிங்பெல் அடித்தது. மாமி. பட்டுப்புடவை கசங்கி, நெற்றி விபூதி வியர்வையில் வழிந்துகொண்டிருந்தது.

"உங்காத்துக் குழந்தை பண்ணின பிள்ளையார் மண்ணுதானே?" என்றார்.

"மண்ணுதான் மாமி. சரளைக் கல்லும் இருக்கு."

"கடையில வாங்கினா, குழந்தைகள் கைப்படப் பண்ணினதுன்னு ஃப்ளெக்ஸ்ல போட்டது பொய்யாயிடும். அதான் இதைக் கொஞ்சம் கொடுத்தா..."

என்னிடம் சொல்வதற்கு நிறைய இருந்தது. நேற்று சாயங்காலத்திலிருந்து ஊறப்போட்டு வைத்திருந்தேன். கை இல்லையே மாமி என்று ஆரம்பித்து, வடகலையில் முடிப்பதாக இருந்தேன். அதற்குள் மகள் எனக்கும் கதவுக்கும் நடுவில் புகுந்து நின்றாள்.

"தர மாட்டேன். நீங்க அழிச்சிடுவீங்க."

மாமியின் முகம் செத்துப்போனது. எனக்கு அதைப் பார்க்க நன்றாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன்? மகள் என்ன நினைத்தாளோ, உள்ளே ஓடினாள். எவர்சில்வர் டப்பாவைத் தூக்க முடியாமல் தூக்கிக்கொண்டு வந்தாள். ஈரத்துணியை விலக்கிக் காட்டினாள். மீந்த மண் நனைந்தபடியே இருந்தது.

"இதுல நீங்களே பண்ணிக்கோங்க."

மாமி டப்பாவைப் பார்த்தார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். ஸ்டிக்கர் பாதம், ரோஸ் மாவு, ஃப்ளெக்ஸ் என்று இந்தக் கட்டடத்துக்கே பாரம்பரியம் சொல்லிக்கொடுத்த அந்த அம்மாள், குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"எனக்கு வராதுடி குழந்தே."

என் மகள் அவரை அண்ணாந்து பார்த்தாள். இவ்வளவு பெரிய ஆள், இவ்வளவு நகை போட்டுக்கொண்டு, தன்னுடைய வார்த்தையைச் சொல்லும் என்று அவள் எதிர்பார்க்கவே இல்லை.

"வரும் மாமி," என்றாள். "முதல்ல ஒரு உருண்டை பிடிங்க."

நான் உள்ளே போய் அடுப்பை அணைத்தேன்.

மாமி எங்கள் அடுக்களைத் தரையில், பட்டுப்புடவையை முழங்காலில் செருகிக்கொண்டு, வளையல்களை முழங்கைக்குத் தள்ளிக்கொண்டு உட்கார்ந்தார். உருண்டை பிடித்தார். அது விரிந்தது. "தண்ணி ஜாஸ்தி மாமி," என்றாள் மகள். மறுபடி பிடித்தார். தும்பிக்கை விழுந்தது. "அது விழும். தட்டுல நட்டுடுங்க." நட்டார். நடுவில் யாரிடம் என்றில்லாமல், "சின்ன வயசுல எங்காத்துல என்னைத் தொட விடமாட்டா. உனக்கு வராது, தள்ளிப் போன்னுடுவா," என்றார். நான் அதைக் கேட்டு உருகிவிடவில்லை. தொட விடாமல் வளர்த்தார்கள் என்றால், அதற்காக அடுத்த குழந்தை நெற்றியில் ஈரத்துணி வைப்பதா? அவர் போன் அடித்துக்கொண்டே இருந்தது. களிமண் கையோடு அவரால் எடுக்க முடியவில்லை. அந்த ஒரு காட்சிக்காகவே களிமண்ணுக்குக் கோயில் கட்டலாம்.

ஒருவழியாக முடித்தார். கழுத்து இல்லை. ஒரு காது கன்னத்திலும் ஒரு காது உச்சியிலும் இருந்தது. அரசியல் மீட்டிங்கில் அடிவாங்கி வந்தவர் போல ஒரு பிள்ளையார். மாமி அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். உதட்டு ஓரத்தில் ஒரு சிரிப்பு, அவருக்கே தெரியாமல் வந்திருந்தது.

மகள் மண்டியிட்டு, ஒரு பக்கம் தலையைச் சாய்த்துப் பார்த்தாள். டப்பாவிலிருந்த ஈரத்துணியை எடுத்தாள்.

"காது கோணலா இருக்கு மாமி. நான் சரி பண்ணட்டுமா?"

"தொடாதே!" மாமி இரண்டு கையாலும் பிள்ளையாரை மூடிக்கொண்டார். "இருக்கட்டும். நான் பண்ணினதாக்கும்."

சொன்ன பிறகுதான் அது அவர் காதில் விழுந்தது. கையை எடுக்காமலே நிமிர்ந்து என்னைப் பார்த்தார். பிறகு எங்கள் பூஜை அலமாரியைப் பார்த்தார். அங்கே கன்னம் வரை இழுபட்ட நாமத்தோடு, ஒற்றைக் கண்ணோடு எங்கள் பிள்ளையார் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் ஊறப்போட்டிருந்த ஒரு வார்த்தைகூடத் தேவைப்படவில்லை.

மகள், "சரி," என்று துணியைக் கீழே போட்டாள். முக்காலியை அலமாரிப் பக்கம் தள்ளிக்கொண்டு போனாள்.

"அம்மா, கோலமாவு டப்பா எங்கே?" என்றாள்.